வலது கண்ணை மூட விடாத பையன்

கேள்வி:

கடலூரை ஒட்டிய மீனவக் கிராமம் ஒன்றில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள 43 பிள்ளைகளின் கண் பார்வையைச் சோதித்துப் பட்டியல் எடுக்கும்படி தலைமையாசிரியர் சொல்லி, ஒரு கண் சார்ட்டும் கொடுத்தார். வகுப்பறை சின்னது என்பதால் சுமார் 10 அடி தள்ளி நிறுத்திப் படிக்கச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் கடைசிக்கு முந்தின வரி வரை படித்துவிட்டார்கள். அவர்களுக்கு 6/6 என்று போட்டேன். சிலர் ஒரு வரியில் பாதியைச் சரியாகவும் பாதியைத் தப்பாகவும் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன போடுவது? எத்தனை எழுத்து சொன்னால் பாஸ்? இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வலது கண்ணால் நன்றாகப் படித்தான். வலது கண்ணை மூடச் சொன்னதும் ஒரே குறும்பு. கையை எடுத்துவிடுகிறான், தலையைத் திருப்புகிறான், 'போதும் டீச்சர்' என்கிறான். நேரமாகிவிட்டதால் இடது கண்ணுக்கும் அதே மார்க்கைப் போட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவள். அவள் சீட்டில் 0.3 என்று இருக்கிறது. எங்கள் சார்ட்டில் அது எந்த வரி? கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்று அவள் அம்மா சம்மதிக்க மறுக்கிறார். பட்டியலை அப்படியே அனுப்பிவிடலாமா?

— ஓர் ஆசிரியை, கடலூர்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

அனுப்ப வேண்டாம். இந்த வாரமே இன்னொரு முறை எடுத்துவிடுங்கள். 43 பிள்ளைகளைத் தனியாளாக நிறுத்திப் பார்த்ததோடு நில்லாமல், சந்தேகம் வந்ததும் கேட்டிருக்கிறீர்களே, அதுவே அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய நன்மை. திருத்த வேண்டியவை சில இருக்கின்றன. ஆனால் அந்த இரண்டாம் வகுப்புப் பையனை விட்டுவிட்டு மற்றதைப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவனிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கண் மருத்துவர் அல்ல, ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வையை அளப்பதும் கண்ணாடிக்குப் பவர் பார்ப்பதும் என் வேலை. புதுச்சேரியில் 22 வருடமாக இதைத்தான் செய்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தோம். ஒரே நாளில் 200 பிள்ளைகளுக்கு மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன அட்டையில் வலது கண், இடது கண் என்று எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். ஐந்து வருடம் கழித்து ஓர் அம்மா தன் 12 வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு நான் வேலை பார்த்த இடத்துக்கு வந்தார். பந்து பிடிக்கும்போது தவறவிடுகிறான் என்றார். சோதித்துப் பார்த்தால் வலது கண் 6/6, அதாவது குறையில்லாத பார்வை. இடது கண்ணால் சார்ட்டின் தலையில் இருக்கும் ஒற்றைப் பெரிய எழுத்தைத்தான் படிக்க முடிந்தது, 6/60. 'எப்போதிருந்து இப்படி?' என்று கேட்டேன். அவர் பையைத் திறந்து, ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். மடிப்பெல்லாம் துணி மாதிரி நைந்திருந்தது. வலது 6/6, இடது 6/6. என் கையெழுத்து. 'கண்ணு நல்லா இருக்குன்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நம்பிக்கையோடு சொன்னார். அது இன்னும் வலித்தது.

அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பையன் வலது கண்ணைக் கைவிரலால் மூடியிருப்பான், விரலிடுக்கில் அதே வலது கண்ணாலேயே பார்த்துப் படித்திருப்பான். நான் சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு கண்ணிலிருந்தும் மூளைக்குப் போகும் காட்சியில் ஒன்று தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால், சின்ன வயதில் மூளை தெளிவானதை மட்டும் எடுத்துக்கொண்டு மங்கலானதை ஒதுக்கப் பழகிவிடும். ஒதுக்கப்பட்ட கண்ணுக்குப் பார்க்கும் திறமையே வளராது. இதைத்தான் சோம்பல் கண் என்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒன்றுமே தெரியாது. மாறுகண் இருந்தால் பெற்றவர்களாவது கவனிப்பார்கள். இதில் அதுவும் இருக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கும் தெரியாது, ஏனென்றால் நல்ல கண்ணைக் கொண்டு அவன் எல்லா வேலையும் பார்த்துக்கொள்கிறான். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்துக் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்து, பலவீனமான கண்ணுக்கு வேலை கொடுத்தால் பார்வை மிக நன்றாகத் திரும்பிவரும். வயது ஏற ஏறப் பலன் குறையும். அந்த 12 வயதுப் பையனுக்கும் முயன்றோம். கொஞ்சம் ஏறியது. முழுதாக வரவில்லை.

உங்கள் பையனுக்கு வருகிறேன். நல்ல கண்ணை மூடினால் பிள்ளைக்கு உலகமே மங்கிவிடும். பயமாக இருக்கும், எரிச்சல் வரும். கையைத் தட்டிவிடுவான், தலையைத் திருப்பி மூடிய கண்ணால் எட்டிப் பார்ப்பான், தண்ணீர் தாகம் என்பான், போதும் என்பான். பலவீனமான கண்ணை மூடினால் இப்படி எதுவும் செய்யமாட்டான், ஏனென்றால் அவனுக்கு எதுவும் குறையவில்லை. வலது கண்ணால் சமர்த்தாகப் படித்த பையன், வலது கண்ணை மூடியதும் மட்டும் குறும்பு செய்தான் என்றால் நான் அதைக் குறும்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன். அவன் இடது கண்ணுக்கு அன்றைக்குக் கிடைத்த மார்க்கே அந்தக் குறும்புதான். ஒருவேளை உண்மையிலேயே விளையாட்டுத்தனமாகவும் இருக்கலாம். மறுபடி சோதித்தால் தெரிந்துவிடும். ஆனால் பட்டியலில் அவன் இடது கண்ணுக்கு எதிரே இருக்கும் 6/6ஐ இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

இனி மற்றக் கேள்விகள். 'எத்தனை எழுத்து சொன்னால் பாஸ்' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் அந்த 10 அடியைப் பார்த்துவிடலாம், அங்கேதான் பெரிய பிசகு.

6/9 என்று எழுதுகிறோமே, அதில் மேலே இருக்கும் எண் பிள்ளை நின்ற தூரம், மீட்டரில். கீழே இருப்பது, நல்ல பார்வை உள்ள ஒருவர் அதே எழுத்தை எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க முடியும் என்பது. 9 மீட்டரிலிருந்து படிக்கக்கூடிய எழுத்தை இந்தப் பிள்ளை 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறான் என்று அர்த்தம். ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர் 1862இல் வகுத்த முறை இது. சார்ட்டில் அச்சடித்திருக்கும் எண்கள் எல்லாம் பிள்ளை 6 மீட்டரில், அதாவது ஏறக்குறைய 20 அடியில் நிற்கிறான் என்று வைத்துப் போட்டவை. நீங்கள் நிறுத்தியதோ 10 அடி, 3 மீட்டர். அங்கே நின்று 6/6 வரியைப் படித்தவனின் உண்மையான கணக்கு 3/6. அதை இரண்டால் பெருக்கினால் 6/12. உங்கள் பட்டியலில் 6/6 வாங்கிய பிள்ளைகளைப் பற்றி நமக்கு நிச்சயமாகத் தெரிவது 6/12 அளவுக்காவது பார்வை இருக்கிறது என்பது மட்டுமே. கடைசி வரியான 6/5ஐப் படித்தவர்களுக்கே 3/5, அதாவது 6/10. பள்ளிச் சோதனையில் தேறியதாக எடுத்துக்கொள்ளும் கோடு 6/9. ஆகவே அந்த 10 அடியில் நின்று ஒரு பிள்ளைகூட அந்தக் கோட்டைத் தாண்டியதாகச் சொல்ல முடியாது. கிட்டப்பார்வை லேசாகத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அப்படியே தப்பித்துப் போயிருப்பார்கள்.

உங்கள் சார்ட் 3 மீட்டருக்கென்றே அடித்ததாக இருந்தால் மட்டும் கதை வேறு. அதை ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடலாம். தலையில் இருக்கும் பெரிய எழுத்தின் உயரம் 8.7 சென்டிமீட்டர் இருந்தால் அது 6 மீட்டர் சார்ட். 4.4 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் 3 மீட்டர் சார்ட். 6 மீட்டர் சார்ட்டில் 6/9 வரி எழுத்து 13 மில்லிமீட்டரும், 6/6 வரி எழுத்து 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். இந்த அளவுகள் சும்மா வைத்ததல்ல. ஒரு டிகிரி கோணத்தை 60 பங்காக்கினால் அதில் 5 பங்கு அளவுக்குத்தான் 6/6 எழுத்து 6 மீட்டரிலிருந்து கண்ணில் விரியும், அதன் ஒவ்வொரு கோட்டின் தடிப்பும் 1 பங்கு. ஸ்கேலை வைத்துப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த சார்ட்டைப் பிரிண்ட் எடுத்தோ, ஜெராக்ஸ் எடுத்தோ சுவரில் ஒட்டியிருப்பதைப் பல பள்ளிக்கூடங்களில் பார்த்திருக்கிறேன். தாளுக்குள் அடங்குவதற்காக மெஷின் அதைச் சுருக்கிவிடும். எழுத்து மாறாது, அளவு மாறிவிடும். மேலே அச்சான எண் பொய்யாகிவிடும். உங்களுடையது அப்படியென்றால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வகுப்பறையில் 20 அடி கிடைக்காவிட்டால் வராண்டாவுக்கு வாருங்கள். டேப்பை வைத்து 6 மீட்டர் அளந்து சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். குதிகால் அந்தக் கோட்டில் பட வேண்டும். பிள்ளைகள் தங்களை அறியாமலே ஓரடி முன்னால் நகர்ந்துவிடுவார்கள், நாற்காலியில் உட்கார்ந்தால் கழுத்தை நீட்டுவார்கள். கடலோரப் பள்ளி என்பதால் ஒன்று சொல்கிறேன்: சார்ட்டுக்குப் பின்னால் கடலும் வானமும் பளீரென்று இருக்கும்படி மாட்டாதீர்கள். கண் கூசி நல்ல பார்வை உள்ளவனே தடுமாறுவான். வெளிச்சம் பிள்ளையின் முதுகுப் பக்கமிருந்து வந்து சார்ட்டின் மேல் விழ வேண்டும். காலை 10 மணி வாக்கில் எடுத்தால் உங்கள் ஊர் வெளிச்சத்துக்கு ட்யூப்லைட்கூடத் தேவைப்படாது. சார்ட் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கட்டும்.

கண்ணை மூடக் கைவிரல் கூடவே கூடாது. அழுத்தி மூடினால் அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது சிறிது நேரம் மங்கலாகத் தெரியும், இடுக்கு விட்டால் எட்டிப் பார்ப்பார்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று போதும். கெட்டியாக இருக்கும், மூக்கை ஒட்டிச் சாய்த்துப் பிடிக்கலாம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பக்கத்தில் நிறுத்தி, அவளே அட்டையைப் பிடிக்கட்டும். அவள் சார்ட்டைப் பார்க்கவே கூடாது, பிள்ளையின் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். தலை திரும்புகிறதா, அட்டை நழுவுகிறதா, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறானா? கண்ணைச் சுருக்கினால் இமையிடுக்கு வழியாகக் கொஞ்சம் தெளிவாகத் தெரியும், அந்தத் தெளிவு நம் கணக்கில் சேராது. 'கண்ணை நல்லா திறந்து பாருடா' என்று சொன்ன பிறகு படிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து நிற்கும் பிள்ளைகளின் காதில் எழுத்துகள் விழாதபடி வெளியே உட்கார வையுங்கள். வலது கண்ணுக்கு இடமிருந்து வலமாகப் படிக்கச் சொன்னால் இடது கண்ணுக்கு வலமிருந்து இடமாகக் கேளுங்கள். மனப்பாடம் செய்வதில் நம் பிள்ளைகளை யாரும் மிஞ்ச முடியாது, அதற்கு நாம்தானே பழக்கியிருக்கிறோம்.

எழுத்தைக் குச்சியால் காட்டும்போது அதன் கீழே காட்டுங்கள், பக்கத்து எழுத்துகளை மறைக்காதீர்கள். ஒற்றை எழுத்தாகத் திறந்து காட்டினால் சோம்பல் கண்கூட அழகாகப் படித்துவிடும். அக்கம்பக்கத்தில் எழுத்துகள் நெருக்கமாக இருக்கும்போதுதான் அது திணறும். பிள்ளைக்கு உதவி செய்வதாக நினைத்துக் கையால் மற்றதை மறைத்துக் காட்டும் அன்பான ஆசிரியர்களிடம்தான் இந்தப் பிள்ளைகள் அதிகம் தப்பிவிடுகிறார்கள்.

இப்போது பாதி எழுத்துக் கணக்கு. ஒரு வரியில் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னால் அந்த வரி அவனுடையது. சரியாகப் பாதி என்றால் இல்லை. 6/9 வரியில் ஆறு எழுத்து இருந்தால் நான்கு சொல்ல வேண்டும். ஐந்து என்றால் மூன்று. அப்படிப் பாதிக்கு மேல் படிக்க முடிந்த கடைசி வரியின் எண்ணைத்தான் அந்தக் கண்ணுக்கு எழுத வேண்டும். துல்லியமாக எழுத விரும்பினால் விட்ட எழுத்தையும் கூடுதலாகச் சொன்ன எழுத்தையும் பக்கத்தில் போடுவோம். ஆறில் நான்கு சொன்னவனுக்கு 6/9 −2. 6/12 வரியை முழுதாகப் படித்து 6/9இல் இரண்டே எழுத்து சொன்னவனுக்கு 6/12 +2. எங்கள் சீட்டுகளில் 6/9 பக்கத்தில் 'பி' என்று சின்னதாக எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், வரியை அரைகுறையாகப் படித்தார் என்பதற்கான குறி அது. உங்கள் வேலைக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை என்பது என் கருத்து. பள்ளியில் நாம் வைப்பது சல்லடை. விழுந்தானா, நின்றானா என்று தெரிந்தால் போதும். மேல் வரிகளில் ஓரிரு எழுத்து கேட்டுப் பிள்ளை முறையைப் புரிந்துகொண்டானா என்று பார்த்துவிட்டு நேரே 6/9 வரிக்கு இறங்குங்கள். நேரமும் மிச்சம், பிள்ளைக்கும் அலுப்பு வராது. அதில் தேறாதவனுக்கு மட்டும் மேலே ஏறி எந்த வரி வரை படிக்கிறான் என்று பார்த்து எழுதுங்கள்.

நம் நாட்டுப் பள்ளிச் சோதனைகளில் வழக்கமாக வைக்கும் கோடு 6/9. ஏதாவது ஒரு கண் அந்த வரியைத் தாண்டாவிட்டாலும் அனுப்ப வேண்டியதுதான். ஒரு கண் 6/5 படித்தாலும் சரி, 'சராசரி பரவாயில்லை' என்ற பேச்சே இதில் கிடையாது. இரண்டு கண்ணையும் திறந்துவைத்து எடுத்த மார்க்கை நான் மார்க்காகவே எடுத்துக்கொள்வதில்லை, அது நல்ல கண்ணின் மார்க், அவ்வளவே. அங்கன்வாடிப் பிள்ளைகளையும் உங்களிடம் ஒப்படைத்தால், நான்கு வயதுக்காரர்களுக்கு 6/12 போதும். ஆனால் அங்கே இன்னொன்றைக் கவனியுங்கள். ஒரு கண் 6/6, மறு கண் 6/12 என்றால் இரண்டுமே அந்த வயதுக்குத் தேறியதுபோலத் தெரியும். இரண்டு கண்ணுக்கும் நடுவே இரண்டு வரி வித்தியாசம் வந்துவிட்டது அல்லவா, அந்தப் பிள்ளையை அனுப்பத்தான் வேண்டும்.

இரண்டாம் வகுப்பில் ஆங்கில எழுத்து தடுமாறும் பிள்ளை, பார்வையில் தடுமாறுகிறதா படிப்பில் தடுமாறுகிறதா என்று நமக்குத் தெரியாது. அவர்களுக்கு ஆங்கில 'ஈ' எழுத்தை நாலு பக்கமும் திருப்பிப் போட்ட சார்ட் இருக்கிறது. மூன்று கால் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்டினால் போதும், வாயே திறக்க வேண்டாம். கூச்சப்படும் பிள்ளைகளுக்கு அது வரப்பிரசாதம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் நான்கில் ஒரு தடவை சரியாக விழும் என்பதால் ஒன்றிரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். நான்கு தடவை திருப்பித் திருப்பிக் காட்டி நான்கும் சரி என்றால், அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க 256இல் ஒரு வாய்ப்புதான். தமிழ் எழுத்துச் சார்ட்டும் கிடைக்கிறது. ஆனால் 'ட', 'ப' போன்றவை கோடு கோடாகத் தெளிவாகத் தெரியும், 'ஞ', 'ஐ' போன்றவை சுழித்துக் குழம்பும், எழுத்துக்கு எழுத்து கஷ்டம் மாறும் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு நான் 'ஈ' சார்ட்டையே எடுப்பேன்.

பட்டியலில் பெயர், வயது, வலது கண், இடது கண் இவற்றோடு, எத்தனை மீட்டரில் எடுத்தது, கண்ணாடியோடா கண்ணாடி இல்லாமலா என்பதும் இருக்கட்டும். ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளையைக் கண்ணாடியோடு சோதியுங்கள். தலையில் இருக்கும் எழுத்தையே படிக்க முடியாத பிள்ளை அகப்பட்டால் ஒவ்வொரு மீட்டராக முன்னால் கூட்டிவந்து, படித்த இடத்தில் நிறுத்தி அந்தத் தூரத்தை மேலே எழுதுங்கள். 3 மீட்டரில் படித்தால் 3/60. எழுத்து தெரியாமல் நீங்கள் காட்டும் விரலை மட்டும் எண்ணுகிறான் என்றால் எத்தனை மீட்டரில் எண்ணினான் என்று எழுதுங்கள். எழுத முடியாதது என்று ஒன்று கிடையாது. சோதிக்க முடியவில்லை என்றால் 'சோதிக்க முடியவில்லை' என்பதே சரியான பதிவு. அதுவும் அனுப்ப வேண்டிய கணக்கில்தான் சேரும்.

6/9 தாண்டிவிட்டாலும் சிலரை அனுப்பச் சொல்வேன். தலைவலி என்று அடிக்கடி சொல்பவர்கள், புத்தகத்தை மூக்கருகில் வைத்துப் படிப்பவர்கள், கண் ஓரமாக விலகித் தெரிபவர்கள். தூரப்பார்வை, அதாவது கிட்டத்தில் பார்க்கத் தடுமாறும் குறை, உள்ள பிள்ளை கண்ணுக்கு அழுத்தம் கொடுத்து 6/6 படித்துவிடும், சார்ட்டில் சிக்காது. கருவிழியின் நடுவே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் சார்ட்டே வேண்டாம், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் 0.3. அது லாக்மார் என்கிற இன்னொரு கணக்கு. வரிக்கு ஐந்தே எழுத்து, மேலிருந்து கீழ் ஒரே சீராகச் சிறுத்துக்கொண்டே வரும் சார்ட். 1976இல் ஆஸ்திரேலியாவில் பெய்லி, லவி என்ற இருவர் உருவாக்கியது. அதில் 6/6க்கு 0. 6/60க்கு 1. ஒவ்வொரு வரிக்கும் 0.1, ஒவ்வொரு எழுத்துக்கும் 0.02. எண் கூடினால் பார்வை குறைவு என்று அர்த்தம், நம் பரீட்சை மார்க்குக்கு நேர்மாறு. 0.3 என்றால் உங்கள் சார்ட்டில் 6/12. அதை 30 சதவீதப் பார்வை என்றோ, 6/12ஐப் பாதிப் பார்வை என்றோ பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள். அப்படி ஒரு சதவீதக் கணக்கு இதில் இல்லை, பயம்தான் மிஞ்சும். சீட்டில் அந்த 0.3 எந்தக் கண்ணுக்கு, கண்ணாடி போட்டா போடாமலா என்று பாருங்கள். கண்ணாடி போடாமல் 0.3, போட்டால் 0 என்றிருந்தால் அவள் அம்மாவுக்குக் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அந்த அம்மாவோடு வாதாட வேண்டாம். கண்ணாடி போட்டதால் பவர் ஏறுவதில்லை. வளர்கிற வயதில் கண்ணும் நீளமாக வளர்கிறது, அதனால்தான் கிட்டப்பார்வை ஏறுகிறது. போடாமல் விட்டாலும் ஏறுவது ஏறத்தான் செய்யும், மங்கலோடு சேர்த்து ஏறும். பொன்னாங்கண்ணிக் கீரை கொடுக்கிறேன் என்பார், தாராளமாகக் கொடுக்கட்டும், கண்ணுக்கு வேண்டிய சத்து அதில் இருக்கிறது. ஆனால் நீண்டுவிட்ட கண்ணைக் கீரையால் குட்டையாக்க முடியாது. வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்காமல் தினமும் வெளிச்சத்தில் ஓடி விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட உதவும் என்பது உண்மை. அதற்கு உங்கள் ஊரில் கடற்கரைக்கா பஞ்சம்? இவ்வளவையும் வாயால் சொல்வதைவிட ஒரு காரியம் செய்யுங்கள். கறுப்பு அட்டையில் காம்பஸ் முனையால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துளை போடுங்கள். ஒரு கண்ணை மூடி, மற்ற கண்ணால் அந்தத் துளை வழியாகச் சார்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியால் சரியாகும் குறை என்றால் அதுவரை படிக்காத வரியைப் பெரும்பாலும் படித்துவிடுவாள். அம்மா பக்கத்தில் நிற்கும்போது மகள் 'அம்மா, இப்போ தெரியுது' என்று சொல்லட்டும். நான் எத்தனையோ பேரிடம் மணிக்கணக்காகப் பேசி நடக்காதது அந்த ஒரு வார்த்தையில் நடந்திருக்கிறது. துளை வழியாகப் பார்த்தும் தெளியவில்லை என்றால் சோம்பல் கண்ணாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம், அவளைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும்.

அப்பாக்கள் யாராவது வந்தால் அவர்களையும் விடாதீர்கள். 40 வயது தாண்டியவர் வலையைக் கையை எட்டப் பிடித்துக்கொண்டு வலைக்கண்ணைத் தேடுகிறார் என்றால் அது வெள்ளெழுத்து. தூரத்துச் சார்ட்டில் 6/6 படிப்பார், படகும் அலையும் நன்றாகத் தெரியும், கைக்கருகே இருக்கும் நூல்தான் தெரியாது. படிக்கும் கண்ணாடி ஒன்று போதும். அப்பா முகத்தில் கண்ணாடியைப் பார்த்த வீட்டில் மகளுக்குக் கண்ணாடி போடுவது அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியாது.

அனுப்புவதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி இலவசமாகக் கிடைக்க வழி இருக்கிறது, பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் உங்கள் பட்டியலைக் கொடுத்துக் கேளுங்கள். பட்டியல் கொடுத்ததோடு விட்டுவிடாமல், யார் யார் போனார்கள், யாருக்குக் கண்ணாடி வந்தது, வந்த கண்ணாடி முகத்தில் இருக்கிறதா பெட்டியில் இருக்கிறதா என்று ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அதைவிட நிம்மதி எனக்கு இல்லை.

அந்தப் பையனை மட்டும் மற்றவர்களோடு சேர்க்காதீர்கள். நாளைக்கே, வகுப்பு தொடங்குமுன், அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். இந்த முறை இடது கண்ணிலிருந்து தொடங்குங்கள், அலுப்பதற்கு முன்னால் அது முடிந்துவிடும். 'ஈ' சார்ட் கிடைத்தால் அதையே காட்டுங்கள், விளையாட்டு மாதிரி இருக்கும். அட்டையை நீங்களே பிடியுங்கள். அவன் அட்டையைத் தள்ளினால் திட்டாமல் ஒருமுறை விட்டுப் பிடியுங்கள். அப்போதும் தள்ளினால் அதோடு நிறுத்திக்கொண்டு, அவன் அம்மாவுக்கு ஆள் அனுப்புங்கள். கையில் கொடுக்கும் சீட்டில் இப்படி எழுதினால் போதும், பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்: 'வயது 7. வலது கண் நன்றாகப் படிக்கிறான். வலது கண்ணை மூட விடவில்லை. இடது கண் சோதிக்க முடியவில்லை.'